தோற்றமும் கால்வழியும்: பறவைப் பகுப்பில் இரு நெறிகள்

முன்னுரை

திண்டுக்கல் நகரைவிட்டு எத்திசையில் சென்றாலும் வயல் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் பனைகள் நிற்கின்றன. குளிர்காலத்து மாலையில் அப்பனைகளைச் சுற்றிப் பனை உழவாரன்கள் பறந்து திரியும். அருகே செல்லும் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். இரண்டும் சிறியவை, இரண்டுக்கும் நீண்ட சிறகும் பிளவுண்ட வாலும் உண்டு, இரண்டும் பறந்தவாறே பூச்சிகளைப் பிடித்து உண்பவை. ஒரு பறவையின் இரு வகைகள் என்றே பார்ப்பவர் கருதுவர். ஆயினும் உழவாரனுக்கு நெருங்கிய உறவு, அமெரிக்கக் கண்டங்களில் பூவுக்குப் பூ தாவித் தேன் பருகும் ஓசனிச்சிட்டு. தகைவிலானோ நம் முற்றத்துச் சிட்டுக்குருவிக்கும் காகத்துக்கும் உறவு. உழவாரனின் கால் கம்பியில் அமர்வதற்கு ஏற்றதன்று. அது பனையோலையின் அடிப்புறத்தில் தன் உமிழ்நீரால் கூட்டை ஒட்டி, அங்கேயே பற்றிக்கொண்டு தங்கும். கம்பியில் அமர்ந்திருப்பது எது, அமராதது எது என்னும் ஒரு சிறு வேறுபாட்டில் இரண்டின் கால்வழி வேற்றுமையும் வெளிப்பட்டு நிற்கிறது.

பறவைகளைப் பகுக்க இரு நெறிகள் உள்ளன. தோற்றத்தையும் தொழிலையும் வாழிடத்தையும் கொண்டு பகுப்பது ஒன்று. எது எதிலிருந்து பிரிந்து வந்தது என்னும் கால்வழியைக் கொண்டு பகுப்பது மற்றொன்று. முன்னது பழமையானது, பின்னது ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக வளர்ந்து வருவது. இவ்விரு நெறிகளின் இயல்பையும், கால்வழியை அறிவதால் விளையும் பயனையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் பறவைப் பகுப்பு

உயிர்களை வகைப்படுத்தும் முயற்சி தமிழில் தொல்காப்பியத்திலேயே காணப்படுகிறது. மரபியலில் உயிர்கள் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக அறுவகைப்படுத்தப்படுகின்றன. புலன்களின் எண்ணிக்கையே அப்பகுப்பின் அடிப்படை. அகத்திணையியலோ புள்ளைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. பிற்கால இலக்கண நூலார் குறிஞ்சிக்கு மயிலும் கிளியும், மருதத்துக்கு நாரையும், பாலைக்குப் பருந்தும் எனத் திணைதோறும் பறவைகளைத் தொகுத்தனர். இஃது உறவுப் பகுப்பன்று, வாழிடப் பகுப்பு. எப்பறவை எந்நிலத்துக்கு உரியது என்பதையே அது கூறுகிறது.

மரபியலில் மற்றொரு செய்தியும் உண்டு. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை வகுத்த ஆசிரியர், தவழ்பவற்றின் இளமைக்கும் அவையே உரியன என்கிறார். ஐங்குறுநூற்றில் முதலையின் குஞ்சும் பார்ப்பு என்றே சுட்டப்படுகிறது. இன்று வாழும் உயிர்களுள் பறவைக்கு மிக நெருங்கிய உறவு முதலையே என்பது இன்றைய உயிரியலின் துணிபு. இதனைக் கொண்டு பரிணாமக் கொள்கையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. முட்டையிலிருந்து வெளிவரும் இளமை என்னும் ஒப்புமையை அவர்கள் கூர்ந்து கண்டு ஒரு பெயரால் வழங்கினர், அவ்வளவே. ஆனால் கூர்ந்து காண்பதே எல்லா அறிவியலுக்கும் முதற்படி என்பதை மறத்தலாகாது. சங்க இலக்கியப் பறவைகளை இன்றைய பறவையியலோடு ஒப்பிட்டு அடையாளம் காட்ட முயன்ற பி.எல். சாமி அவர்களின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலும், ஊர்தோறும் வழங்கும் பெயர்களைத் திரட்டிய க. ரத்னம் அவர்களின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலும் தமிழ் மாணவர் கற்க வேண்டியவை.

அரபு, பாரசீக மரபில் பறவைப் பகுப்பு

பஸராவில் வாழ்ந்த அறிஞர் அல்-ஜாஹிழ் ஒன்பதாம் நூற்றாண்டில் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை இயற்றினார். நடப்பன, பறப்பன, நீந்துவன, ஊர்வன என உயிர்களை இயக்கத்தால் நான்காக அவர் பகுத்தார். பறப்பன எல்லாம் பறவையாகா என்பதையும் அவர் உணர்த்தினார். ஈயும் வெட்டுக்கிளியும் பறந்தாலும் பறவைகள் அல்ல; நெருப்புக்கோழி பறவாவிடினும் பறவையே. ஒரே ஒரு பண்பைக் கொண்டு பகுத்தால் எங்கே இடறும் என்பதை இவ்வெடுத்துக்காட்டுகள் தெளிவாக்குகின்றன. 1405-இல் மறைந்த எகிப்திய அறிஞர் அத்-தமீரீ, 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் நூலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தலைப்புகளில் உயிர்களை அரபு அகர வரிசைப்படி தொகுத்தார். ஒவ்வோர் உயிரையும் பற்றிய மொழிச்செய்தி, பழமொழி, மார்க்கச் சட்டம், மருத்துவப் பயன் ஆகியவற்றை ஒருங்கே தருவது அந்நூல்.

இவற்றினும் வியப்பளிப்பது வேட்டைப் பறவைகளை வளர்த்தோரின் பட்டறிவு. பாரசீகத்திலும் இந்தியாவிலும் அத்தொழிலில் ஈடுபட்டோர் தம் பறவைகளை இரு கூறாக வைத்திருந்தனர். கண் கறுத்தவை 'சியாஹ் சஷ்ம்' எனப்பட்டன. கண் மஞ்சளானவை 'குலாப் சஷ்ம்' எனப்பட்டன. முன்னவை நீண்ட கூரிய சிறகுடைய வல்லூறுகள். திறந்த வெளியில் உயரத்திலிருந்து பாய்ந்து வேட்டையாடுபவை. பின்னவை குறுகிய வட்டச் சிறகுடைய வைரி முதலியவை; மரங்களிடையே புகுந்து இரை பற்றுபவை. பழக்கும் முறையும் இரண்டுக்கும் வெவ்வேறு. நூலோர் பலர் இரண்டையும் ஒரே வரிசையில் வைத்திருந்த காலத்தில், கையில் ஏந்தி வளர்த்தோர் அவற்றைப் பிரித்தே வைத்திருந்தனர். இப்பிரிவு எத்துணைச் சரியானது என்பதைப் பின்னர்க் காண்போம்.

லின்னேயஸின் ஏணி

ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு, விலங்குகளுக்கு இரட்டைப் பெயரிடும் முறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வோர் உயிருக்கும் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரண்டு சொற்கள். வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் என்னும் படிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை. குடும்பம் என்னும் படி பின்னர்ச் சேர்ந்தது. மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர் என்று முகவரி எழுதுவது போன்ற ஏற்பாடு இது.

லின்னேயஸ் பறவைகளை ஆறு வரிசைகளாகப் பகுத்தார். அலகும் காலும் அவருடைய அளவுகோல்கள். வளைந்த அலகும் ஊன் உண்ணும் இயல்பும் கண்டு கழுகு, பருந்து, வல்லூறு, ஆந்தை ஆகியவற்றோடு கீச்சானையும் ஒரே வரிசையில் வைத்தார். கிளியையும் காகத்தையும் கொண்டலாத்தியையும் இருவாட்சியையும் மற்றொரு வரிசையில் சேர்த்தார். உழவாரனைத் தகைவிலானின் பேரினத்திலேயே அடக்கினார். அவருடைய காலத்தில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு நோக்கின் அது மாபெரும் சாதனை. ஆனால் அப்பகுப்பு, 'இவை ஏன் ஒத்திருக்கின்றன?' என்னும் வினாவுக்கு விடை கூறவில்லை.

டார்வினின் மரம்

அவ்வினாவுக்கு விடையளித்தவர் சார்லஸ் டார்வின். 1859-இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் ஒரே ஒரு படம் உண்டு. அது கிளைவிட்டுப் பிரியும் கோடுகளின் படம். ஒத்திருத்தலுக்குக் காரணம் இரண்டு. ஒரு தாயின் மக்கள் ஒத்திருப்பது போலக் கால்வழியால் ஒத்திருத்தல் ஒன்று; ஒரே தொழிலைச் செய்வதால் ஒத்திருத்தல் மற்றொன்று. ஒரே சீருடை அணிந்தோர் எல்லாரும் உடன்பிறந்தோர் ஆகார். உழவாரனும் தகைவிலானும் ஒத்திருப்பது சீருடை ஒப்புமை போன்றதே.

ஆயின் எவ்வொப்புமை எவ்வகையினது என்று அறிவது எங்ஙனம்? ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் வில்லி ஹென்னிக் 1950-இல் வெளியிட்ட நூலில் இதற்கு நெறி வகுத்தார். ஒரு கிளையில் புதிதாகத் தோன்றி, அக்கிளையின் வழிவந்தோரால் மட்டும் பகிரப்படும் பண்பே உறவுக்குச் சான்று. எல்லாருக்கும் பொதுவான பழம்பண்பு சான்றாகாது. இறகு உண்டு என்பதனால் காகமும் குயிலும் நெருங்கிய உறவு என்று கூற இயலாது. எல்லாப் பறவைக்கும் இறகு உண்டு. பின்னர் டி.என்.ஏ. எனப்படும் மரபணுப் பொருளின் எழுத்து வரிசையைப் படிக்கும் ஆற்றல் வந்தபோது, ஒப்பிட இலட்சக்கணக்கான பண்புகள் கிடைத்தன. 2008-இல் ஹேக்கெட் முதலியோரும், 2014-இல் 48 பறவைகளின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட குழுவினரும், 2024-இல் 363 இனங்களை ஒப்பிட்ட குழுவினரும் பறவைக் குலமரத்தை மேலும் மேலும் தெளிவாக்கினர். மிகத் தொன்மையான கிளைகள் சில பிரிந்த ஒழுங்கில் அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பல முடிவுகள் உறுதிப்பட்டுவிட்டன.

குலமரத்தைப் படிக்கும் முறை

மாணவர் பலர் இப்படத்தைக் கண்டு மயங்குவதால், அதனைப் படிக்கும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். நான்கு பறவைகளை எடுத்துக்கொள்வோம்: காகம், கிளி, வல்லூறு, கரும்பருந்து. இவற்றின் உறவைப் படமின்றி அடைப்புக்குறியாலும் எழுதலாம்:

(கரும்பருந்து, (வல்லூறு, (கிளி, காகம்)))

உள்ளடைப்பில் இருப்பவை கிளியும் காகமும். அவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது. அம்மூதாதையிலிருந்து கரும்பருந்தோ வல்லூறோ வரவில்லை. அடுத்த அடைப்பு வல்லூற்றையும் தழுவுகிறது. வெளியடைப்பு நான்கையும் தழுவுகிறது. எனவே வல்லூற்றுக்குக் கரும்பருந்தைக் காட்டிலும் கிளியே நெருங்கிய உறவு. வளைந்த அலகும் கூர்நகமும் கண்டு நாம் வல்லூற்றைப் பருந்தின் பங்காளி என்கிறோம். மரபணுவோ அதனைக் கிளியின் பங்காளி என்கிறது. 2008-இல் வெளியான இம்முடிவு பலரைத் திடுக்கிடச் செய்தது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. கருங்கண், மஞ்சட்கண் எனப் பிரித்த பழைய வேட்டைக்காரர் இன்றிருந்தால் பெரிதும் வியந்திருக்கமாட்டார்.

படிப்போர் மூன்று நெறிகளை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, கிளையின் நுனியில் உள்ளவை யாவும் இன்று வாழ்பவை. அவற்றுள் உயர்ந்தது, தாழ்ந்தது என்பதில்லை. மரம் ஏணியன்று. கிளியிலிருந்து காகம் வந்தது என்று சொல்வது பிழை. இரண்டும் ஒரு மூதாதையிலிருந்து வந்தன என்பதே சரி.

இரண்டாவது, உறவின் நெருக்கத்தைத் தாளில் அருகருகே இருப்பதைக் கொண்டு அளத்தலாகாது. பிரிந்த கவட்டைக் கொண்டே அளத்தல் வேண்டும். ஒரு கவட்டைச் சுழற்றி இடத்தை வலமாக்கினாலும் உறவு மாறாது. மேற்கண்ட அடைப்பில் 'காகம், கிளி' என மாற்றி எழுதினும் பொருள் ஒன்றே.

மூன்றாவது, ஒரு மூதாதையும் அதன் வழிவந்த அனைத்தும் சேர்ந்ததே முழுமையான குலம். ஒரு குடும்பத்தின் கால்வழிப் பட்டியலில் வெளியூர் சென்று குடியேறிய மகனின் கிளையை விட்டுவிட்டால் அப்பட்டியல் நிறைவுறாது. அதுபோலப் பல்லியையும் பாம்பையும் ஆமையையும் முதலையையும் 'ஊர்வன' என்று சேர்த்துவிட்டுப் பறவையை வெளியே நிறுத்தினால் அக்குலம் குறையுடையதாகும். ஏனெனில் முதலைக்குப் பல்லியைக் காட்டிலும் பறவையே நெருங்கிய உறவு.

பெயர் மயக்கும் இடங்கள்

நம் சமவெளிக் கண்மாய்களில் நீர் நிறைந்த காலத்தில் முக்குளிப்பான் என்னும் சிறு பறவையைக் காணலாம். ஆளரவம் கேட்டதும் மூழ்கிச் சற்றுத் தொலைவில் தலைகாட்டுவதால் வந்த பெயர் அது. உருவால் வாத்துக் குஞ்சு எனத் தோன்றும். கோடியக்கரை உப்பளங்களுக்கு வரும் பூநாரையோ நீண்ட காலும் கழுத்தும் இளஞ்சிவப்பு நிறமும் உடையது; பெயரிலேயே நாரை என்னும் சொல்லைத் தாங்கியது. ஆயினும் பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு நாரையன்று; இச்சிறு முக்குளிப்பானே. 2001-இல் மரபணு ஆய்வு இதனை வெளியிட்டபோது உடற்கூற்றியலார் ஐயுற்றனர். பின்னர் அவர்களே மீண்டும் நோக்கி, இரண்டின் முட்டையோட்டின் மேலும் ஒருவகைச் சுண்ணப்பூச்சு இருப்பது முதலிய பொதுமைகளைக் கண்டனர். மரபணு காட்டிய வழியில் கண்ணும் சென்று கண்டது எனலாம்.

கொண்டலாத்தி மற்றோர் எடுத்துக்காட்டு. திருக்குர்ஆனின் 'அந்-நம்ல்' அத்தியாயத்தில் சுலைமான் நபி அவர்களுக்குச் செய்தி கொணர்ந்த 'ஹுத்ஹுத்' இதுவே. விசிறிக் கொண்டையும் நீண்ட அலகும் உடைய இப்பறவை, புல்தரையில் நடந்து புழுக்களைத் தேடுவதை நம் பகுதியிலும் காணலாம். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் அடங்கிய வரிசையிலேயே இதனை நெடுங்காலம் வைத்திருந்தனர். இன்று இருவாட்சிகளோடு ஒரே வரிசையில் இது வைக்கப்படுகிறது. உருவத்தால் இரண்டும் தொலைவானவை, இல்லறத்தால் நெருங்கியவை. பெண் இருவாட்சி மரப்பொந்தில் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாக்க, ஆண் இரை கொணர்ந்து ஊட்டும். கொண்டலாத்தியும் பொந்திலேயே கூடுகட்டும்; பொந்து அடைக்கப்படுவதில்லை எனினும், பெண் அடைகாக்கும் காலத்தில் ஆணே உணவு கொணரும்.

இந்தியப் பறவையியலின் தந்தையெனப் போற்றப்படும் சாலிம் அலி (1896–1987) அவர்களின் வாழ்வும் ஒரு பெயர் வினாவிலேயே தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, 'இஃது எந்தக் குருவி?' என்று அறிய விரும்பினார். அவ்வினா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துச் சென்றது. 1941-இல் 'இந்தியப் பறவைகள்' என்னும் நூலும், 1968 முதல் 1974 வரை எஸ். டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகளும் அவ்வினாவின் விளைவுகளே. அந்த மஞ்சள் தொண்டைச் சிட்டைப் பெட்ரோனியா என்னும் பேரினத்தில் அவர்கள் வைத்தனர். இன்று அது ஜிம்னோரிஸ் என்னும் பேரினத்தில் இருக்கிறது. பெயர் மாறுவது கண்டு மாணவர் சலிப்படையத் தேவையில்லை. உறவு தெளியுந்தோறும் பெயர் திருந்துவது அறிவின் நேர்மையைக் காட்டுவதாகும்.

பழனி மலையின் சோலைப் பறவை

இதுவரை சமவெளியில் நின்று நோக்கினோம். திண்டுக்கல்லிலிருந்து மேற்கே நோக்கினால் நீலக்கோடாகத் தெரிவது பழனி மலைத்தொடர். அதன் உச்சியில், நம் மாவட்டத்துக்குள்ளேயே, இரு நெறிகளும் மோதித் தீர்வு கண்ட ஒரு வரலாறு உண்டு.

மலையுச்சியின் மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குறுங்காடுகளைச் சோலை என்கிறோம். ஆங்கிலேயரும் அச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். 1860-களின் இறுதியில், அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் ஃபேர்பேங்க் இம்மலையில் திரட்டிய பறவைகளை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு, அவற்றுள் இரண்டைப் புதியன என அறிவித்தார். ஒன்று, நீல உடலும் வெண்வயிறும் உடைய சிறு பறவை. மற்றொன்று சிலம்பன் வகையினது. அதற்கு ஃபேர்பேங்கின் பெயரையே சூட்டினார்.

வெண்வயிற்றுப் பறவையின் பெயர் வரலாறு நீளமானது. முதலில் அதனைக் கல்லீனி என்னும் பேரினத்தில் வைத்தனர். பின்னர்க் குறுஞ்சிறகு கண்டு, இமயத்திலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் பிராக்கிப்டெரிக்ஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தனர். சாலிம் அலியும் ரிப்ளியும் இதனையும் நீலகிரியின் செவ்வயிற்றுப் பறவையையும் ஒரே இனத்தின் இரு துணையினங்களாகக் கொண்டனர். 2005-இல் வெளியான ஒரு நூல் அவற்றை இரு இனங்களாகப் பிரித்து மையோமெலா என்னும் பேரினத்தில் வைத்தது. தோற்றத்தை மட்டும் நம்பியதால் ஒவ்வொரு முறையும் வீடு மாறிற்று. சொந்த வீடு கிடைத்தபாடில்லை.

வி.வி. ராபின் அவர்களும் உடனாய்வாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகள்தோறும் சென்று, இப்பறவைகளின் மரபணு, பாட்டு, நிறம், உடலளவு ஆகியவற்றை ஒப்பிட்டு 2017-இல் முடிவை வெளியிட்டனர். இவை இதுவரை சேர்க்கப்பட்ட எப்பேரினத்தையும் சார்ந்தவையல்ல. ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய தனிக்கிளை. அக்கிளைக்கு அவர்கள் இட்ட பெயர் சோலிகோலா. சோலை என்னும் சொல்லோடு, 'உறைவது' என்னும் பொருள்தரும் இலத்தீன் ஈற்றைச் சேர்த்து அமைத்த பெயர் அது. உலகெங்கும் வழங்கும் அறிவியற்பெயர் ஒன்றில் நம் சோலை இடம்பெற்றுவிட்டது. இப்பறவையைச் சோலைக்கிளி என்றும் வழங்குகின்றனர். இங்குக் கிளி என்பது பச்சைக்கிளியன்று. மலையாள வழக்கில் சிறு பறவையைப் பொதுவாகக் குறிக்கும் சொல். பழனிமலைச் சிலம்பனும் அதன் உறவுகளும் அதே ஆய்வில் மான்டிசின்க்ளா என்னும் புதுப் பேரினம் பெற்றன.

இவ்வாய்வின் மற்றொரு முடிவு நிலவியலோடு தொடர்புடையது. குளிர்ந்த உச்சியில் வாழும் இப்பறவைகள் வெப்பமான பள்ளத்தாக்கைக் கடப்பதில்லை. கடல் நடுவே தீவு போல ஒவ்வோர் உச்சியும் தனித்து நிற்கிறது. வடக்கே நீலகிரியில் ஒரு சோலைக்கிளி. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி, ஆனைமலைப் பகுதிகளில் ஒன்று. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அசம்பு மலையில் மற்றொன்று. அசம்பு மலையது தனி இனம் என்பது இவ்வாய்விலேயே அறிவிக்கப்பட்டது. மலையில் உள்ள கணவாயும் மரத்தில் உள்ள கவடும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் காண்கிறோம்.

உறவறிதலின் பயன்

இவற்றை அறிவதனால் ஆவதென்ன என்று வினவலாம். பயன் உண்டு, அதுவும் உயிர் காக்கும் பயன். அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியல்கள் பெரும்பாலும் இனங்களையே கணக்கிடுகின்றன. துணையினம் என்று ஒதுக்கப்பட்ட பறவை ஒரு மலையில் அழிந்தாலும், வேறு மலையில் அவ்வினம் இருக்கிறது என்று அமைதியடைந்துவிடுவர். தனியினம் என்று அறிந்தபின்னரோ, அம்மலையில் அழிந்தால் உலகிலேயே அழிந்தது என்று பொருள். பழனி மலையின் மேற்பகுதியில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்து, அயல் மரத்தோப்புகளும் வேளாண்மையும் இடம்பிடித்தன என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று சார்ந்தவை. அவ்வுச்சியில் என்ன நிகழ்ந்தாலும், தாழ இறங்கி வேற்றிடம் தேட இயலாத உயிர்கள் அங்கு உள்ளன.

பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் வரலாறு இதனினும் உருக்கமானது. ஊர்ப்புறங்களில் இறந்த கால்நடையைத் தூய்மை செய்து, நோய் பரவாமல் காத்த பறவை அது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுக்கு அருகியது. கால்நடைகளுக்கு ஊசியாக இட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, அவற்றின் உடலை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததே காரணம் என்று 2004-இல் கண்டறியப்பட்டது. மாற்று மருந்தாக மெலோக்சிகாமைப் பரிந்துரைக்குமுன், அது பாறுகளுக்குத் தீங்கற்றதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. எஞ்சிய சிலவற்றின் மீது முதலில் சோதிப்பது எங்ஙனம்? அழிவின் விளிம்புக்கு அப்போது வந்திராத ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறு, நம் பாறுகளின் பேரினத்தையே சேர்ந்தது. அவ்வுறவை நம்பி முதலில் அதன் மீது சோதித்து, தீங்கில்லை எனக் கண்டபின் நம் பாறுகளுக்கும் அளித்துப் பார்த்து உறுதிசெய்தனர். 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியனவும் தடைக்குள்ளாயின. அமெரிக்கக் கண்டங்களிலும் பிணந்தின்னிக் கழுகுகள் உண்டு. அவை தோற்றத்தால் நம் பாறுகளை ஒத்தவை, கால்வழியால் வேறானவை. நம் பாறுகளின் சார்பாகச் சோதித்துப் பார்க்க அவை ஏற்ற சான்றாகா. உறவு எது, வெறும் ஒப்புமை எது என்று பிரித்தறியும் அறிவு இங்கு மருந்துக்கு நிகராயிற்று.

நிறைவுரை

தோற்றத்தால் பகுப்பது பயனற்றது என்று இதனால் கொள்ளுதல் கூடாது. ஒரு பறவை எங்கு வாழ்கிறது, எதை உண்கிறது, எவ்வாறு பறக்கிறது என்று அறியத் திணைப் பகுப்பும் தொழிற் பகுப்பும் இன்றும் வேண்டும். அப்பறவை யாருடைய உறவு, அதனை இழந்தால் எக்கிளை முறிகிறது என்று அறியக் குலமரம் வேண்டும். நிலத்தையும் குலத்தையும் சேர்த்துக் கேட்பது நம் ஊர்ப் பெரியோர் வழக்கம். பறவையிடமும் அவ்விரண்டையும் கேட்டல் வேண்டும்.

மாணவச் செல்வங்கள் ஒன்று செய்யலாம். கல்லூரி வளாகத்திலும் கண்மாய்க் கரையிலும் காணும் பத்துப் பறவைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள பெரியோரிடம் அவற்றின் ஊர்ப்பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அப்பெயர்கள் அவர்களோடு மறைந்துவிடக் கூடியவை. பின்னர் அப்பத்தையும் இருமுறை பகுத்துப் பாருங்கள். முதலில் அலகும் காலும் வாழிடமும் கொண்டு, அடுத்துக் குலமரத்தைக் கொண்டு. இரு பட்டியலும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று நோக்குங்கள். முரண்படும் இடத்தில்தான் கற்க வேண்டியது காத்திருக்கிறது. பனையைச் சுற்றும் உழவாரனும் கம்பியில் அமரும் தகைவிலானும் உங்கள் முதற்பாடமாக அமையட்டும்.